கடலோரத்தில் ஓர் அபயம்: போலந்துக் குழந்தைகளும் நவாநகர் மன்னரும்

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், ஒக்கோத்தா என்னும் பகுதியில், சிறியதொரு சதுக்கம் உள்ளது. 'நல்ல மகாராஜா சதுக்கம்' என்பது அதன் பெயர். குஜராத்தின் கடற்கரையில் நவாநகர் சமஸ்தானத்தை ஆண்ட ஜாம் சாகேப் திக்விஜயசிங்ஜியின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அயல்நாட்டு மன்னர் ஒருவருக்கு ஒரு நாடு தன் தலைநகரில் இடம் கொடுப்பது எளிதில் நிகழ்வதன்று. அந்நாட்டின் ஆதரவற்ற குழந்தைகள் சில நூறு பேருக்கு அவர் 1942-ஆம் ஆண்டில் தம் கடற்கரையில் இடம் கொடுத்தார் என்பதே இதற்குக் காரணம்.

இவ்வரலாறு நம்மவருள் பலர் அறியாதது. போலந்திலேயே நெடுங்காலம் வெளிப்படையாகப் பேசப்படாதது. ஆதலின் அதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23 அன்று ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இடையிலிருந்த போலந்தைப் பங்கிட்டுக்கொள்வது அதன் மறைவான பகுதி. செப்டம்பர் முதல் நாள் மேற்கிலிருந்து ஜெர்மானியப் படை நுழைந்தது. பதினேழாம் நாள் கிழக்கிலிருந்து சோவியத் படை நுழைந்தது. ஒரு மாதம் கழிவதற்குள் போலந்து என்னும் நாடு நிலப்படத்திலிருந்து மறைந்தது.

கிழக்குப் பகுதியைக் கைக்கொண்ட சோவியத் அரசு, அங்கிருந்த ஆசிரியர், வனக்காவலர், முன்னாள் போர்வீரர், அலுவலர் முதலியோரையும் அவர்தம் குடும்பங்களையும் நாடு கடத்தத் தொடங்கியது. 1940 பிப்ரவரி 10-ஆம் நாள், கடுங்குளிரில், முதல் அலை. அதன்பின் மேலும் மூன்று அலைகள். விடியுமுன் கதவு தட்டப்படும். மூட்டை கட்டச் சிறிது நேரமே தரப்படும். பின்னர்ச் சரக்கு வண்டிகளில் அடைத்து ஆர்க்காங்கெல்ஸ்க் காடுகளுக்கும் சைபீரியாவுக்கும் கசாக்ஸ்தான் வெளிகளுக்கும் அனுப்புவர். இவ்வாறு கொண்டு செல்லப்பட்டோர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் என்று சோவியத் ஆவணங்களே கூறுகின்றன. மரம் வெட்டினாலன்றி ரொட்டி இல்லை என்பது அங்கு நிலவிய விதி. முதியோரும் கைக்குழந்தைகளும் முதலில் மாண்டனர்.

1941 ஜூன் 22-இல் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின்மீதே படையெடுத்தது. நேற்றைய பகைவர் இன்றைய துணைவராயினர். ஜூலை 30 அன்று, லண்டனில் இயங்கிவந்த போலந்து அரசின் தலைவர் சிகோர்ஸ்கி சோவியத் தூதரோடு உடன்பாடு கண்டார். கைதிகளாயிருந்த போலந்து மக்கள் 'மன்னிப்பு' அளிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டனர். குற்றம் இழைக்காத மக்களுக்கு அவர்களைக் கடத்திச் சென்றவர் வழங்கிய மன்னிப்பு அது! அரசியல் ஆவணங்களில் சொற்கள் படும் பாட்டுக்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டியதில்லை.

விடுதலை பெற்றோர் குளிரிலிருந்து தப்பும் பொருட்டுத் தெற்கு நோக்கி, உஸ்பெகிஸ்தான் பக்கமாகத் திரண்டனர். அங்குப் போலந்துப் படை ஒன்று அமைக்கப்படுவதாகச் செய்தி பரவியிருந்தது. வழியெங்கும் பசி, சேருமிடத்தில் டைஃபஸ் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும். தந்தை படையில் சேர்ந்திருப்பார். தாய் காய்ச்சலில் இறந்திருப்பாள். பத்து வயதுச் சிறுமி நான்கு வயதுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அனாதை இல்லத்தின் வாயிலில் நிற்பாள். தன் பங்கு உணவும் பிள்ளைக்கே போகட்டும் என்றெண்ணி, உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளை அவ்வில்லங்களில் விட்டுச் சென்ற தாய்மாரும் உண்டு.

1942-இல் மார்ச்சு-ஏப்ரல் மாதங்களிலும் மீண்டும் ஆகஸ்டிலும், படைவீரரும் குடும்பத்தாருமாக ஏறத்தாழ 1,15,000 பேர் காஸ்பியன் கடலைக் கடந்து பாரசீகத்தின் பகலவித் துறைமுகத்தில் இறங்கினர். கரை சேர்ந்தபின்னும் பலர் பிழைக்கவில்லை. அத்துறைமுகத்திலும் தெஹ்ரானிலும் உள்ள போலந்துக் கல்லறைகள் அதற்குச் சாட்சி. பாரசீகமோ அப்போது பிரிட்டிஷ், சோவியத் படைகள் நுழைந்து அமர்ந்திருந்த நாடு. உணவுத் தட்டுப்பாடு அங்கும் இருந்தது. எனினும் அந்நாட்டு எளிய மக்கள் வந்தவர்க்கு ரொட்டியும் பேரீச்சம்பழமும் கொடுத்தனர் என்பதைப் பிழைத்தோர் பலரும் தம் முதுமையிலும் மறவாமல் கூறினர். இஸ்ஃபகான் நகரம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலந்துக் குழந்தைகளுக்குத் தன் மாளிகைகளையும் மடங்களையும் திறந்துவிட்டது. அங்கு வளர்ந்த சிறுமியர் சிலர் பாரசீகக் கம்பளம் நெய்யவும் கற்றனர். 'போலந்துக் குழந்தைகளின் நகரம்' என்றே அதனை அவர்கள் பிற்காலத்தில் அழைத்தனர்.

இந்தியாவுக்கு வந்த முதல் குழுவின் வழி வேறு. பம்பாயிலிருந்த போலந்துத் தூதரகம், சோவியத் நாட்டிலிருந்த தம் மக்களுக்கு மருந்தும் உடையும் உணவும் சேகரித்துச் சரக்கு மோட்டார் வண்டிகளில் அனுப்பியது. குவெட்டாவிலிருந்து பாலைவனம் கடந்து, சாகிதான், மஷாத் வழியாக அஷ்காபாத் வரையில் அவ்வண்டிகள் சென்றன. திரும்பும்போது வெறுமையாகத் திரும்பவேண்டியவை. அவற்றில் குழந்தைகளை ஏற்றினர். போலந்தில் புகழ்பெற்ற பாடகியும் நடிகையுமான ஹாங்கா ஓர்தோனுவ்னா, தாமே நாடுகடத்தப்பட்டு நோயுற்றிருந்தவர், அக்குழந்தைகளுக்குத் துணையாக வந்தார். இப்பயணத்தைப் பற்றி அவர் பின்னாளில் புனைபெயரில் நூலொன்றும் எழுதினார். மலைப்பாதையில் பல நாள் குலுங்கிக் குலுங்கி வந்த அக்குழந்தைகள் 1942 ஏப்ரலில் பம்பாயை அடைந்து, பாந்த்ராவில் சில மாதங்கள் தங்கினர். உடல் தேறவேண்டியிருந்தது.

அவர்களை நிலையாக எங்கு வைப்பது என்ற கேள்விக்கு விடையளித்தவர்தாம் ஜாம் சாகேப். கிரிக்கெட்டில் உலகப் புகழ் கொண்ட ரஞ்சித்சிங்ஜியின் தம்பி மகன் இவர். 1933-இல் அவருக்குப்பின் அரியணை ஏறியவர். மன்னர் மன்றத்தின் தலைவராகவும் இருந்தார். ரஞ்சித்சிங்ஜி சர்வதேச சங்கத்தின் கூட்டங்களுக்காகச் சுவிட்சர்லாந்தில் தங்கிய நாள்களில், போலந்தின் இசைமேதையும் முன்னாள் பிரதமருமான பதேரெவ்ஸ்கியோடு நட்புக் கொண்டிருந்தார் என்றும், உடன் சென்றிருந்த இளைஞர் திக்விஜயசிங்ஜியின் மனத்தில் போலந்தைப் பற்றிய நல்லெண்ணம் அப்போதே பதிந்தது என்றும் கூறுவர். இருக்கலாம். ஆனால் பியானோ இசை கேட்டவர் எல்லாரும் அனாதைகளுக்கு வீடு கட்டியதில்லை. அவருடைய உள்ளத்தில் வேறேதோ இருந்திருக்கவேண்டும்.

ஜாம்நகரிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில், கடலோரத்தில், பாலாச்சடி என்னும் சிற்றூர். மன்னரின் கோடைமாளிகை அங்கே இருந்தது. அதன் அருகிலேயே ஓடு வேய்ந்த நீண்ட குடியிருப்புகள் எழுந்தன. 1942 ஜூலையில் குழந்தைகள் அங்கே குடிபுகுந்தனர். அடுத்தடுத்துக் குழுக்கள் வந்தன. நான்கு ஆண்டுகளில் அங்குத் தங்கியோர் தொகை அறுநூறு முதல் ஆயிரம் வரையில் பலவாறாகச் சொல்லப்படுகிறது; சிலர் வந்தனர், சிலர் வேறிடம் சென்றனர் என்பதால் எண்ணிக்கை மாறுபடுகிறது. நிதிக்காக மன்னர் பிற சமஸ்தானங்களை வேண்டினார். மன்னர்களும் செல்வர்களும் பொதுமக்களும் கொடுத்தனர். பின்னர்ச் செலவில் பெரும்பகுதியை லண்டனிலிருந்த போலந்து அரசு ஏற்றுக்கொண்டது.

குழந்தைகளை வரவேற்ற மன்னர், இனி நீங்கள் அனாதைகள் அல்லர், நான் உங்களுக்குத் தந்தை என்னும் பொருள்படப் பேசினார் என்பது அக்குழந்தைகள் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த செய்தி. நவாநகர்க் குடிகள் மன்னரை 'பாபு' என்று அழைப்பர். தந்தை என்று பொருள். குழந்தைகளும் அவ்வாறே அழைத்தனர்.

சொல்வது எளிது, தந்தையாக இருப்பது அரிது. இதனைக் காட்ட முகாமில் வழங்கிய ஒரு சிறு நிகழ்ச்சி போதும். பசலைக்கீரை உடம்புக்கு நல்லது என்று அடிக்கடி சமைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு அது பிடிக்கவில்லை. ஒருநாள் அனைவரும் கூடி உண்ண மறுத்துவிட்டனர். செய்தியறிந்த மன்னர், இனிக் கீரை சமைக்கவேண்டாம் என்று சமையற்காரர்க்கு ஆணையிட்டார்! ஈராண்டுக்கு முன் ஒரு துண்டு ரொட்டிக்காக ஏங்கிய பிள்ளைகள், இன்று பிடிக்காத கறியை ஒதுக்கிவைக்கும் துணிவு பெற்றுவிட்டனர். அச்சம் நீங்கியதற்கு இதனினும் சிறந்த அடையாளம் உண்டோ? இடுவதை வாய்பேசாமல் உண்டால்தான் நிலைக்க முடியும் என்று நினைக்கும் குழந்தை இன்னும் அகதியே. அடம்பிடிக்கும் குழந்தையோ வீடு வந்து சேர்ந்துவிட்டது.

நம் முன்னோர் தானத்தை ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகையாகப் பகுத்தனர். பாலாச்சடி முகாமின் வரலாற்றைப் படிக்கும் நமக்கு அப்பாகுபாடு நினைவுக்கு வராமற் போகாது. உணவும் மருந்தும் பள்ளியும் அங்கு இருந்தன. எனினும் அபயத்தின் முழுப்பொருளையும் அங்குக் காண்கிறோம் என்றே யான் கருதுவேன். அடைக்கலம் கொடுப்போர் பலர் அதற்கு ஒரு விலை கேட்பதுண்டு. எம் மொழியைப் பேசு, எம் கடவுளை வணங்கு, எம்மவனாக மாறிவிடு என்பது அவ்விலை. மன்னர் அதனைக் கேட்கவில்லை. அவர் இந்து, குழந்தைகள் கத்தோலிக்கர். முகாமில் வழிபாட்டுக்கூடம் அமைந்தது. பிரான்சிஷெக் புளூத்தா என்னும் போலந்துப் பாதிரியாரே முகாமின் தலைவராயிருந்தார். போலந்துக் கொடி பறந்தது. பாடம் போலந்து மொழியில் நடந்தது. சாரணர் குழு இயங்கியது. குழந்தைகள் தம் நாட்டு உடையணிந்து தம் நாட்டுக் கூத்துகளை ஆடியபோது மன்னர் வந்து அமர்ந்து கண்டு களித்தார். நாட்டை இழந்து வந்த பிள்ளைகளுக்கு, அந்நாடு மீளும் வரையில் அதனை உள்ளத்தில் காத்துவைக்க ஓர் இடம் கிடைத்தது.

இங்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் பாலாச்சடிக்கு வந்த மறுமாதமே 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. காந்தியடிகளும் நேருவும் பட்டேலும் சிறைப்பட்டனர். விடுதலை பெறாத நாடொன்று விடுதலை இழந்த நாட்டின் பிள்ளைகளுக்கு நிழல் தந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1943-இல், வங்கத்தில் பெரும்பஞ்சம். ஏறத்தாழ முப்பது லட்சம் மக்கள் மாண்டனர் என்பர். கல்கத்தாவின் நடைபாதைகளில் தாய்மார் கஞ்சித்தண்ணீருக்கு இரந்து நின்றபோது, பாலாச்சடிக் குழந்தைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தனர். கருணையின் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தல் தகாது. குழந்தைகளின்மேலோ அவர்களைக் காத்த மன்னரின்மேலோ இதில் பழியில்லை. வங்கத்தின் நெல்லுக்கும் கப்பல்களுக்கும் பொறுப்பேற்றிருந்த ஆட்சியின்மேல் உண்டு. மன்னராட்சியைப் புகழ்வதற்காகவும் இக்கட்டுரை எழுதப்படவில்லை. சமஸ்தானங்களின் வரலாற்றில் புகழத்தக்கன குறைவே. எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தபின்னும் பாலாச்சடி தன் ஒளியை இழக்கவில்லை.

1943-இல் கோலாப்பூருக்கு அருகே வலிவடே என்னுமிடத்தில் பெரியதொரு குடியிருப்பு அமைந்தது. பெண்டிரும் பிள்ளைகளும் முதியோருமாக ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து மக்கள் அங்கு 1948 வரையில் வாழ்ந்தனர். பள்ளிகள், மருத்துவமனை, மாதா கோயில், நாடக அரங்கு எல்லாம் கொண்ட சிற்றூராகவே அது விளங்கியது. காய்கறியும் துணியும் விற்க வந்த அக்கம்பக்கத்து வணிகர், நாளடைவில் போலந்து மொழியிலேயே விலை பேசக் கற்றுக்கொண்டனர். வாடிக்கையாளர் மொழியை வணிகர் கற்பது நம் நாட்டுக்குப் புதிதன்று என்றாலும், மராத்தி பேசும் ஊரில் போலந்துமொழிப் பேரம் கேட்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். கோலாப்பூர் நம் சமயத்தார் மிகுந்து வாழும் நகரம். வலிவடே மக்கள் நன்றியறிதலாக எழுப்பிய நினைவுத்தூண் அந்நகரின் மகாவீரர் பூங்காவிலேயே நிற்கிறது.

வலிவடே முகாமோடு தொடர்புடைய ஒருவரைத் தமிழர் சிறப்பாக அறியவேண்டும். வாந்தா தினோவ்ஸ்கா என்னும் போலந்துப் பெண்மணி 1935-இல் இந்தியா வந்தவர். ரமண மகரிஷியிடமும் காந்தியடிகளிடமும் ஈடுபாடு கொண்டவர். உமாதேவி என்னும் பெயர் பூண்டவர். முகாமிலிருந்த தம் நாட்டு இளைஞர்க்கு இந்தியாவை அறிமுகப்படுத்தினார். 1944-இல் மௌரிஸ் ஃபிரைட்மன் என்பாரோடு சேர்ந்து சென்னையில் 'போலந்து-இந்திய நூலகம்' என்னும் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கீதை முதலிய நூல்கள் போலந்து மொழியில் அதன் வழியே வெளிவந்தன. 1958-இல் திருக்குறளும் அவரது மொழிபெயர்ப்பில் வந்தது. திபெத்திலிருந்து அகதிகள் வந்தபோது, முதுமையையும் பொருட்படுத்தாமல் அவர்தம் குழந்தைகளுக்காக உழைத்தார். 1971-இல் மைசூரில் காலமானார்.

போர் முடிந்தது. ஆனால் குழந்தைகளுக்கு வீடு திரும்ப வழியில்லை. 1945-இல் யால்டாவில் கூடிய மூன்று பேரரசுகள் போலந்தின் கிழக்குப் பகுதியைச் சோவியத் ஒன்றியத்துக்கே விட்டுக்கொடுத்தன. அக்குழந்தைகள் பிறந்த ஊர்கள் பெரும்பாலும் அப்பகுதியிலேயே இருந்தன. அதே ஆண்டு ஜூலையில் லண்டனிலிருந்த போலந்து அரசை ஏற்பதைப் பிரிட்டன் கைவிட்டது. 1946-இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டு, எஞ்சியோர் வலிவடேக்கு அனுப்பப்பட்டனர். அங்கிருந்து இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா எனப் பல திசைகளில் பிரிந்தனர். போலந்துக்கே திரும்பியோரும் உண்டு. இவர்களைப் போன்றே பாரசீகத்திலிருந்து கப்பலேறிய வேறு குழந்தைகள் தங்கனீக்காவிலும் மெக்சிகோவிலும் வளர்ந்தனர். 733 குழந்தைகள் 1944 நவம்பர் முதல் நாள் நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்தை அடைந்து, பகியாதுவா என்னும் சிற்றூரில் குடியேறினர். ஒரு நாட்டின் அனாதைகளைப் பாரசீக முஸ்லிம்களும் குஜராத்தி இந்துக்களும் ஆப்பிரிக்க உழவரும் மெக்சிகோ நாட்டாரும் நியூசிலாந்து இடையரும் அக்கம்பக்கத்தாராய் நின்று ஏற்றுக்கொண்ட இச்செய்தி, படைத்தளபதிகளின் பெயர்கள் நிரம்பிய போர் வரலாறுகளில் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

ஜாம் சாகேபும் 1948-இல் தம் சமஸ்தானத்தை இந்திய ஒன்றியத்தோடு இணைத்து, சௌராஷ்டிரத்தின் முதல் ராஜப்பிரமுகரானார், 1966-இல் மறைந்தார். கைம்மாறாக என்ன செய்யவேண்டும் என்று சிகோர்ஸ்கி வினவியபோது, உங்கள் நாடு விடுதலை பெற்றபின் வார்சாவில் ஒரு தெருவுக்கு என் பெயரை வையுங்கள் என்று அவர் கூறினார் என்பது வழக்கு. அவ்விருப்பம் அவர் காலத்தில் நிறைவேறவில்லை. பொதுவுடைமைக் கட்சி ஆண்ட நாள்களில், குழந்தைகள் இந்தியாவுக்கு ஏன் வந்தனர் என்று கேட்டால், சைபீரியாவுக்கு ஏன் சென்றனர் என்ற கேள்வியும் உடன் எழும். அதற்கு விடை கூறுவது அங்குத் தடைப்பட்டிருந்தது. 1989-இல் ஆட்சி மாறியபின்னரே வாய்ப்பூட்டு அவிழ்ந்தது. வார்சாவில் ஒரு பள்ளித்தொகுதி அவரைத் தன் காவலராக ஏற்றது. 2012-இல் போலந்து அரசு அவருக்கு மறைவுக்குப் பிந்தைய உயரிய விருதை வழங்கியது. சதுக்கமும் அவ்வாண்டுகளில் தோன்றியதே. பாலாச்சடியில் இன்று சைனிக் பள்ளி இயங்குகிறது. அவ்வளாகத்தில் போலந்துக் குழந்தைகளின் நினைவுக்கல் நிற்கிறது. வளர்ந்து முதுமையெய்திய அக்குழந்தைகள் பலர் அங்கு வந்து, தாம் ஓடியாடிய கடற்கரையைத் தேடிக் கண்டு சென்றனர்.

2022 பிப்ரவரி இறுதியில் உக்ரைனில் போர் மூண்டது. அங்கு மருத்துவம் பயின்ற இந்திய மாணவர் பல்லாயிரவர் அண்டை நாடுகளை நோக்கி ஓடினர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். எல்லைக்கு வருமுன் பனியில் நாள்கணக்காகக் காத்து நின்று, அடியும் வசையும் பட்டவர் பலர். அதனையும் மறைக்க வேண்டுவதில்லை. போலந்து அவர்களை விசா இன்றியே உள்ளே வர விட்டது. எல்லையூர்களில் முன்பின் அறியாதோர் சூப்பும் ரொட்டியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தனர். ஜெஷூவ் நகரத்து விமான நிலையத்திலிருந்து அம்மாணவர்கள் தாயகம் புறப்பட்டனர். அந்நாள்களில் போலந்து நாட்டார் சிலர் நவாநகர் மன்னரின் பெயரைச் சொல்லி நினைவுகூர்ந்தனர்.